மாங்கனிக் காலத்துக்கு ஒரு மேசை அலங்காரம்: செயற்கைப் பூவும் பழமும் கொண்டு செய்யும் முழுமையான வழிகாட்டி

சித்திரை பிறந்ததும் சேலத்துப் பழக்கடைகள் நிறம் மாறிவிடுகின்றன. குண்டு, மல்கோவா, இமாம்பசந்த், செந்தூரம், பெங்களூரா என ஒவ்வொன்றாக வந்திறங்கிக் கூடைகளை நிறைக்கின்றன. விடுமுறைக்கு உறவினர் வந்து போகும் அந்த இரண்டு மாதங்களிலும் சாப்பாட்டு மேசையின் நடுவே அந்தக் கோடையைத் தொகுத்து வைத்தாற்போல் ஓர் அலங்காரம் இருப்பது கண்ணுக்கு நிறைவு. உண்மையான பழத்தையும் பூவையும் கொண்டே அதைச் செய்யலாம் என்றால், வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாட்களில் பூ மாலைக்குள் துவண்டுவிடும், பழுத்த மாம்பழம் சில நாட்களில் கனிந்து வடியத் தொடங்கும், அதன் பிறகு ஈ விரட்டுவதே வேலையாகிவிடும். நாள்பட நிற்க வேண்டிய அலங்காரத்துக்குச் செயற்கைப் பொருள்களே பொருத்தமானவை.

ஆனால் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் கோடை அலங்காரங்களில் ஸ்ட்ராபெரியும் பச்சை ஆப்பிளும் சூரியகாந்தியும் நிறைந்திருக்கின்றன. அது எந்த ஊர்க் கோடையோ தெரியவில்லை. இங்கே சொல்லப்போகும் அலங்காரம் நான்கு பொருள்களைக் கொண்டது: சேலத்து மாம்பழம், சாலையோரச் சரக்கொன்றை, ஏற்காட்டுக் காபிப் பூ, மலைத் தோட்டங்களில் மலரும் டேலியா. சிவந்த காபிப் பழங்களையும் சேர்க்கலாமே என்று பலருக்கும் ஆசை எழும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி பழுப்பது கார்த்திகை, மார்கழியில்; கோடைக்கு உரியது அதன் வெள்ளைப் பூதான். கோடையின் முதல் மழை விழுந்து எட்டுப் பத்து நாட்களில் செடி முழுவதும் பூத்து, ஓரிரு நாட்களில் உதிர்ந்துவிடும் அந்தப் பூவைச் செயற்கையாகவேனும் மேசையில் நிறுத்தி வைப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது.

அளவை முடிவு செய்தல்

பொருள் வாங்கப் போகும் முன் மேசையை அளந்துகொள்ள வேண்டும். ஆறு பேர் அமரும் மேசை பொதுவாக 5 அடி நீளமும் 3 அடி அகலமும் இருக்கும். அலங்காரத்தின் நீளம் மேசை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 18 முதல் 20 அங்குலம் வரை இருக்கலாம். அகலத்தில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். எதிரெதிரே வைக்கும் இரண்டு தட்டுகளும் ஓரத்து இடைவெளியும் பக்கத்துக்கு ஓர் அடியை எடுத்துக்கொண்டால், 36 அங்குலத்தில் நடுவே எஞ்சுவது 12 அங்குலமே. ஆகவே அலங்காரத்தின் அகலம் 10 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நம் வீடுகளில் குழம்பு, ரசம், பொரியல் என்று பரிமாறும் பாத்திரங்களும் மேசைக்கு வருமாதலால், விருந்தின்போது அலங்காரத்தை இரண்டு கைகளால் அப்படியே தூக்கி வேறிடத்தில் வைக்க முடிவதும் அவசியம். அதனால்தான் இதை ஜாடியில் செருகாமல் ஒரு தட்டின் மேல் அமைக்கிறோம்.

உயரத்துக்கு அளவுகோல் தேவையில்லை. நாற்காலியில் அமர்ந்து முழங்கையை மேசையில் ஊன்றி முன்கையை நிமிர்த்தினால் மணிக்கட்டு நிற்கும் இடமே எல்லை; ஏறக்குறைய 10 அங்குலம். அதற்கு மேல் போனால் எதிரே இருப்பவரின் முகம் மறைந்து, உப்பைக் கேட்பதற்குக்கூட எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

தேவையான பொருள்கள்

நீள்வட்ட மூங்கில் தட்டு ஒன்று, 16 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் கொண்டது. பின்னலில் கம்பி நுழையும் அளவுக்குச் சந்து இருப்பது நல்லது. 2 அங்குலத் தடிமனுள்ள தெர்மாகோல் பலகை ஒரு துண்டு. 3 அங்குல விட்டமுள்ள தெர்மாகோல் உருண்டைகள் மூன்று. 4 அங்குல முட்டை வடிவத் தெர்மாகோல் இரண்டு. பூ அலங்காரக் கடைகளில் பச்சை நிற ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். அது தண்ணீர் ஊற்றி உண்மைப் பூவைச் செருகுவதற்கானது. கம்பித் தண்டை அதில் ஒருமுறை செருகி எடுத்தால் பொடிந்து ஓட்டை பெரிதாகிவிடும் என்பதால் நமக்கு அது வேண்டாம்.

பூக்களில், கருஞ்சிவப்பு டேலியா மூன்று அல்லது ஐந்து, மஞ்சள் கொன்றைச் சரங்கள் ஆறு, கூந்தலில் சூடுவதற்காக விற்கும் செயற்கை மல்லிகைச் சரம் இரண்டு முழம். இலைகளுக்குத் தனியாகத் தேடி அலைய வேண்டியதில்லை. வாசலில் கட்டும் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் ஒன்றை வாங்கிப் பிரித்தால் மாவிலைகள் கிடைத்துவிடும். செயற்கைக் கொன்றை நம் கடைகளில் எப்போதும் இருப்பதில்லை. கேரளத்தில் விஷுவுக்காக விற்பனைக்கு வரும் பங்குனிக் கடைசியில் கேட்டு வைப்பது நல்லது. கிடைக்காவிட்டால் கொடிபோல் தொங்கும் மஞ்சள் பூச்சரம் எதுவாயினும் பொருந்தும். சின்னக் கடைவீதியிலோ முதல் அக்ரகாரத்திலோ ஒரு நடை போய்வந்தால் இவற்றுள் பெரும்பாலானவை கைக்கு வந்துவிடும்.

கருவிகள் என்று பார்த்தால் கட்டிங் பிளேயர், மெல்லிய கட்டுக்கம்பி, பூத்தண்டில் சுற்றும் பச்சை டேப், மூங்கில் குச்சிகள், க்ளூ கன், ஃபெவிக்கால், 220 எண் உப்புத்தாள், சுவருக்குப் பூசும் வால் பட்டி, அக்ரிலிக் வண்ணங்கள், நீரில் கரையும் வார்னிஷ், ஒரு பழைய பல் துலக்கி ஆகியவை போதும். செயற்கைப் பூவின் தண்டுக்குள் இரும்புக் கம்பி இருப்பதால் கத்தரிக்கோலால் வெட்ட முயன்று அதன் வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடையில் விற்கும் பழங்களை வாங்குவதானால் மெழுகுப் பழத்தைத் தவிர்த்துவிடுங்கள். மெழுகின் வகையைப் பொறுத்து 50 டிகிரிக்கு முன்னும் பின்னும் அது இளகத் தொடங்கும். சேலத்து வெயிலில் சாத்திய காருக்குள் சிறிது நேரம் இருந்தாலே மாம்பழம் ஒரு பக்கம் சப்பையாகிவிடும். பிளாஸ்டிக் மாம்பழமோ, எந்த ரகமென்று சொல்ல முடியாத ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். ஆகையால் மாம்பழத்தை மட்டும் நாமே செய்துகொள்வோம். இந்த வேலையில் அதிக நேரத்தையும் கவனத்தையும் வாங்குவது இந்தப் பகுதிதான்.

மாம்பழம் செய்தல்

முதல் வேலை, ஒரு குண்டு மாம்பழத்தையும் ஒரு பெங்களூராவையும் வாங்கிவந்து எதிரே வைத்துப் பார்ப்பது. குண்டு பெயருக்கு ஏற்றபடி உருண்டையானது; தெர்மாகோல் உருண்டையே அதற்குப் பாதி வேலையை முடித்துவிடுகிறது. ஆனால் அது பந்து அல்ல. காம்பைச் சுற்றி ஒரு சிறு குழி, அதன் இருபுறமும் சமமற்ற தோள்கள், ஒரு பக்கம் சற்றே கூடுதலான புடைப்பு ஆகியவை இருக்கும். பெங்களூரா நீண்டு, நுனியில் கிளியின் மூக்குப்போல் வளைந்து முடியும். அதனால்தான் அதைக் கிளிமூக்கு என்றும் சொல்கிறோம். இந்தக் கோணலைக் கையால் தடவித் தெரிந்துகொண்ட பிறகே, மேலே பூசப்போகும் காகிதக்கூழைத் தொட வேண்டும்.

பழைய செய்தித்தாள் எட்டுத் தாள்களைக் கிழித்து இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் நிறைய தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, துணியில் பிழிந்தெடுக்க வேண்டும். ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியே ஊறவைத்து விழுதாக அரைத்து இதனுடன் சேர்க்க வேண்டும். பாட்டிமார் காகிதக்கூழில் முறமும் கூடையும் செய்த காலத்தில் வெந்தயம் சேர்த்தே அரைத்தார்கள். அதன் வழவழப்பு கூழை ஒன்றாகப் பிடித்துவைக்கும், பூச்சியும் அண்டாது என்பது அவர்கள் சொல். இத்துடன் மூன்று மேசைக்கரண்டி ஃபெவிக்கால் சேர்த்து, சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமான பதத்துக்குப் பிசைந்துகொள்ளுங்கள்.

கூழ் பூசுவதற்கு முன்னரே உருண்டையில் குச்சி செருகிவிட வேண்டும். காம்பு இருக்கும் பக்கத்தில் செருகக் கூடாது. தட்டில் பழம் எந்தப் பக்கத்தில் படுத்திருக்குமோ அந்தப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று ஓர் அங்குல இடைவெளியில் இரண்டு குச்சிகள் செருகுங்கள். ஒரே குச்சியில் நிற்கும் பழம் அலங்காரத்தைத் தூக்கும்போதெல்லாம் பம்பரம்போல் சுழலும்.

கூழை மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, தோளையும் குழியையும் விரலால் வடியுங்கள். முட்டை வடிவத்தின் கூரிய முனையில் கூழை நீட்டி வளைத்தால் கிளிமூக்கு வந்துவிடும். முதல் நாள் நிழலிலும் அதன்பின் வெயிலிலும் காயவிட வேண்டும். எடுத்த எடுப்பில் வெயிலில் வைத்தால் மேற்பரப்பு மட்டும் சுருங்கி வெடிக்கும். சேலத்தில் நான்கு நாட்களில் காய்ந்துவிடும். 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்துக்கு நடுவே இருக்கும் ஏற்காட்டு வீடுகளில் இதற்கு இரு மடங்கு நாட்கள்கூடப் பிடிக்கலாம். பழத்தைத் தட்டிப் பார்த்தால் மொத்தென்று கேட்காமல் டக்கென்று கேட்க வேண்டும். ஈரம் உள்ளே நிற்கும்போது வண்ணம் பூசினால் சில வாரங்களில் பூசணம் வெளியே தலைகாட்டும்.

காய்ந்ததும் வால் பட்டியில் சிறிது ஃபெவிக்கால் கலந்து மெல்லிய பூச்சுக் கொடுத்து, அது இறுகியபின் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். அதன்மேல் வெள்ளை அக்ரிலிக் ஒரு பூச்சு. இனி நிறம். கடைப் பழங்கள் போலியாகத் தெரிவதற்குப் பெரிய காரணம் அவற்றின் ஒரே சீரான மஞ்சள். முதலில் வெளிர் மஞ்சளைப் பழம் முழுவதும் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே ஒரு பக்கத்தில் இளம்பச்சையையும் மறுபக்கத்தில் ஆரஞ்சு கலந்த மஞ்சளையும் ஸ்பாஞ்சால் ஒற்றியெடுங்கள். எங்கே பச்சை முடிந்து மஞ்சள் தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. காய்ந்தபின், நீர்த்த பழுப்பு வண்ணத்தில் பல் துலக்கியைத் தோய்த்து, கட்டைவிரலால் மயிரைத் தெறித்தால் தோலில் இருக்கும் நுண்புள்ளிகள் விழும். காம்புக்கு உண்மை மாம்பழத்தின் உலர்ந்த காம்பையே ஒட்டிவிடலாம். கடைசியாக, காம்பிலிருந்து ஓர் அங்குல நீளத்துக்கு மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். பறிக்கும்போது பால் வடிந்த கறை அது. அந்த ஒரு கோடு மற்ற எல்லா வண்ணமும் சேர்ந்து செய்வதைவிட அதிகம் செய்துவிடும். வார்னிஷைப் பளபளப்பில்லாத வகையாகத் தேர்ந்தெடுங்கள். மாம்பழம் பளிங்குபோல் மின்னுவதில்லை.

ஸ்ப்ரே பெயின்டும் தின்னர் கலந்த வார்னிஷும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். கூழ் மூடாத சிறு ஓட்டை ஒன்று இருந்தாலும் அதன் வழியே உள்ளே இறங்கிப் பழம் ஒடுங்கும் என்பதால் நீரில் கரையும் வகைகளையே கையாள வேண்டும்.

இலையும் காபிப் பூவும்

தோரணத்திலிருந்து பிரித்த மாவிலை ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று அங்குலக் கட்டுக்கம்பி வைத்துப் பச்சை டேப்பால் சுற்றுங்கள். டேப்பைச் சற்றே இழுத்தபடி சுற்றினால்தான் ஒட்டும். இலைகளில் நான்கைந்தை மட்டும் எடுத்து, செம்பு நிறமும் இளஞ்சிவப்பும் கலந்து மாந்தளிர் நிறமாக்குங்கள். கரும்பச்சைக்கு நடுவே அந்தத் தளிர்கள் எட்டிப்பார்க்கும்போது அலங்காரத்துக்கு உயிர் வரும். பிளாஸ்டிக்கில் வண்ணம் உரியாமல் இருக்க முதலில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

காபிப் பூ கிளையின் நுனியில் கொத்தாகப் பூப்பதில்லை. கிளையில் எதிரெதிராக இருக்கும் இலைகளின் கக்கத்தில், கிளையைச் சுற்றிலும் வெண்மையாக அடைந்து பூக்கும். எனவே 10 அங்குலக் கம்பி ஒன்றில் ஒன்றரை அங்குலத்துக்கு ஓர் இணை வீதம் சிறிய பளபளப்பான இலைகளைக் கட்டி, ஒவ்வோர் இணையின் அடியிலும் மல்லிகைச் சரத்திலிருந்து வெட்டிய ஆறேழு பூக்களை க்ளூ கன்னால் நெருக்கமாக ஒட்டுங்கள். இப்படி ஐந்து கிளைகள் வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். வீட்டில் சும்மா இருக்கும் இரண்டு கைகளைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம், ஆனால் க்ளூ கன்னைச் சிறுவர் கையில் கொடுக்க வேண்டாம்.

அடித்தளம்

நான் முதன்முதலில் செய்த அலங்காரத்தின் அடிப்பகுதி லேசாக இருந்தது. மின்விசிறியை ஐந்தில் வைத்ததும் அது மெல்லத் தலைசாய்த்து சாம்பார்க் கிண்ணத்தில் இறங்கியது. அன்றுமுதல் எடையைப் பற்றி இரண்டு முறை யோசிக்கிறேன். ஒரு கிலோ அளவுக்குக் கழுவிக் காயவைத்த ஆற்றுமணலைத் தட்டையான துணிப்பையில் தைத்துத் தட்டுக்குள் பரப்புங்கள். அதன்மேல் 12 அங்குலத்துக்கு 5 அங்குலமாக வெட்டிய தெர்மாகோல் பலகையை வைத்து, கட்டுக்கம்பியை மூங்கில் பின்னலுக்குள் நுழைத்து மூன்று இடங்களில் இறுக்கிக் கட்டுங்கள். கம்பி தெர்மாகோலை அறுக்காமல் இருக்க, அது பதியும் இடத்தில் பல்குச்சியைக் குறுக்கே வைப்பது நல்லது.

இங்கே பசையை நம்பக் கூடாது. க்ளூ கன்னின் சூடான பசை தெர்மாகோலை உருக்கிக் குழியாக்கும். அது இறுகிய பின்னும் கடுங்கோடையில் காரில் எடுத்துச் செல்லும்போது மீண்டும் இளகலாம். கனமுள்ளவற்றுக்குக் கம்பியும் குச்சியும், லேசானவற்றுக்கு மட்டும் பசை என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் அடியில் நான்கு இடங்களில் சிறிய ரப்பர் வில்லைகளை ஒட்டிவிட்டால் மேசையில் கீறலும் விழாது, அலங்காரமும் வழுக்காது.

அடுக்குதல்

துணிப் பூக்கள் பெட்டியில் நசுங்கி வந்திருக்கும். கொதிக்கும் நீரின் ஆவியில் ஓர் அரையடி தள்ளிச் சில நொடிகள் காட்டி, இதழ்களை விரலால் நீவி விரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தண்டையும் கொஞ்சமாவது வளைக்க வேண்டும். நேர்க்கோடாக நிற்கும் தண்டு, இது கம்பி என்று தானே சொல்லிவிடும்.

முதலில் இலைகள். பலகையின் பக்கவாட்டில் சாய்வாகச் செருகி, தட்டின் விளிம்பைத் தாண்டி முனைகளில் இரண்டு அங்குலமும் பக்கங்களில் ஓர் அங்குலமும் வெளியே நீளுமாறு ஒரு நீள்வட்டத்தை உருவாக்குங்கள். இரு முனைகளிலும் நீண்ட இலைகள், நடுப்பகுதியில் குட்டையானவை. எந்தத் தண்டும் குறைந்தது ஓர் அங்குலமாவது தெர்மாகோலுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

அடுத்துப் பழங்கள். கனமானவை தாழ்வாகவும் நடுவை ஒட்டியும் இருக்க வேண்டும். குண்டு மூன்றையும் ஒரே குவியலாக வைக்காமல், இரண்டை ஒன்றையொன்று தொட்டபடி ஒரு பக்கத்திலும், ஒன்றைச் சற்றுத் தள்ளி மறுபக்கத்திலும் வையுங்கள். மரத்திலிருந்து இறக்கிய பழங்கள் எந்த வரிசையில் உருண்டு நிற்குமோ அந்த ஒழுங்கின்மைதான் வேண்டும். காம்புகள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கக் கூடாது. பெங்களூரா இரண்டும் மூக்கு வெளிப்பக்கம் நீண்டிருக்குமாறு முனைகளை நோக்கிப் படுத்திருக்கட்டும்.

மூன்றாவதாக டேலியா. மாம்பழம் மஞ்சளாக இருக்கும்போது முதன்மைப் பூவும் மஞ்சளாக இருந்தால் பழம் அதில் கரைந்துபோகும். கருஞ்சிவப்பைச் சொன்னதற்குக் காரணம் அதுவே. நடுவே ஒன்றை 8 அங்குல உயரத்திலும், மற்றவற்றைப் பழத்தின் தோளை ஒட்டித் தாழ்வாகவும், முகம் சற்றே வெளிப்புறம் திரும்பியிருக்குமாறும் செருகுங்கள். ஐந்து டேலியா வாங்கியிருந்தாலும் மூன்றிலேயே நிறைவாகத் தெரிந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம். ஏற்காட்டு அண்ணா பூங்காவில் கோடை விழாவின்போது வைக்கும் மலர்க் கண்காட்சியில் பூவைக் குவிப்பது அழகு. அது பல அடி தள்ளி நின்று பார்ப்பதற்கானது. ஓர் அடி தூரத்தில் அமர்ந்து பார்க்கும் மேசையில் பூவுக்கும் பூவுக்கும் இடையே மூச்சு விட இடம் வேண்டும்.

பிறகு காபிக் கிளைகளைக் கிடைமட்டமாக, பழங்களின் மேலே லேசாகக் குறுக்கிடுமாறு அமையுங்கள். காபிச் செடியின் கிளை அப்படித்தான் பக்கவாட்டில் நீளும். இறுதியாகக் கொன்றைச் சரங்கள். அவற்றை மேல்நோக்கி நிறுத்தாமல் முனைக்கு மூன்றாக விளிம்பிலிருந்து மேசைமேல் வழியவிடுங்கள். ஆறும் ஒரே நீளமாக இருக்க வேண்டாம். மஞ்சள் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடி முடிவது இந்தச் சரங்களால்தான்.

தெர்மாகோல் தெரியும் இடங்களைத் தேங்காய் நாரை உதிர்த்து ஃபெவிக்காலால் ஒட்டி மறையுங்கள். இப்போது அலங்காரத்தை மேசையில் வைத்து, நான்கு பக்க நாற்காலிகளிலும் மாறி மாறி அமர்ந்து பாருங்கள். நின்றுகொண்டு செய்ததால் மேற்புறம் மட்டும் நிறைந்து, அமர்ந்த கண்ணுக்குத் தெரியும் பக்கவாட்டில் வெறுமை இருப்பது வழக்கம். அங்கே ஒன்றிரண்டு தளிர்களைச் செருகினால் போதும். மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு எது ஆடுகிறது என்று பார்த்து, அதன் தண்டைக் குறையுங்கள்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், எட்டும் இடத்தில் உதிரக்கூடிய சிறு பூக்களை வைக்காதீர்கள். பழத்தை மெய்யாகவே நன்றாகச் செய்திருந்தால் யாராவது ஒரு குழந்தை கடித்துப் பார்க்கும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள். சித்திரை முதல் நாள் கனி காணும் வழக்கமுள்ள வீடுகளில் அந்தத் தட்டுக்கு உண்மைப் பழமே வேண்டும். இந்த அலங்காரம் சாப்பாட்டு மேசையோடு நிற்கட்டும்.

பராமரிப்பும் எடுத்துவைப்பதும்

சன்னலோர நேர்வெயில் படும் இடத்தில் வைத்தால் துணிப் பூவின் நிறம் சில மாதங்களில் வெளுக்கும். வாரம் ஒருமுறை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். டேலியாவின் இதழ் இடுக்குகளுக்கு முடி உலர்த்தியைக் குளிர்ந்த காற்றில் வைத்துக் காட்டலாம். தண்ணீரில் முக்க வேண்டாம். கருஞ்சிவப்புச் சாயம் இறங்கி வெள்ளைக் காபிப் பூவில் படிந்துவிடும்.

ஆடியில் இதை எடுத்துவைக்கும்போது, கொன்றைச் சரங்களை மட்டும் உருவித் தனித்தாளில் சுற்றுங்கள். மற்றவற்றைக் கலைக்காமல், உயரமான அட்டைப்பெட்டியில் தட்டோடு இறக்கி, இடைவெளிகளில் கசக்கிய செய்தித்தாளை நிரப்புங்கள். மலையில் வசிப்பவர்கள் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தால் உள்ளே ஈரம் தங்கிக் காகிதக்கூழ் பூசணம் பிடிக்கும் என்பதால் பழைய பருத்தித் துணியால் மூடுவதே சரி. பூச்சிக்காக அந்துருண்டை போடும் பழக்கத்தை இங்கே மட்டும் விட்டுவிடுங்கள். அதன் ஆவி தெர்மாகோலை இளக்கிவிடும். நிழலில் உலர்த்திய வேப்பிலையோ இரண்டு துண்டு வசம்போ துணியில் முடிந்து ஒரு மூலையில் வைத்து, பெட்டியைப் பரணில் ஓட்டு வெப்பம் நேராகத் தாக்காத பக்கமாகத் தள்ளிவையுங்கள்.